சுடுறதுக்கு முன்னாடி சுத்திப் பாருங்க பாஸ்!

இந்த வாரம் நம்ம பக்கத்துல கொஞ்சம் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பயப்படாதீங்க, எல்லாம் மானிட்டருக்கு உள்ளேதான்.

‘எப்பப் பார்த்தாலும் டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டே இருக்கியே, அதுல அப்படி என்னடா இருக்கு?’ கம்ப்யூட்டர் இருக்கிற எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது எழுந்திருக்கும். ‘கதை இருக்கும்மா’ என்று பதில் சொல்லிப் பாருங்கள்... எண்ணெய்ச் சட்டியில் இட்லி வேகுது என்று சொன்ன மாதிரி சிரிப்பார்கள்.

விஷயம் என்னன்னா, அப்படிச் சிரித்தவர்கள் அம்மா, அப்பா மட்டும் இல்லை. கேம் செய்தவர்களே சிரித்திருக்கிறார்கள். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்த ‘ஐடி சாஃப்ட்வேர்’ குழுவில் டாம் ஹால் என்று ஒருவர் இருந்தார். கேரக்டர்கள், இடங்கள், திருப்பங்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து, ‘டூம் பைபிள்’ என்ற பெயரில் ஒரு பெரிய டாக்குமென்ட்டே தயார் பண்ணினார். எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக்குக்கு அது தேவையில்லாத சுமையாகப் பட்டது. கேமில் கதை பேருக்கு இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. கட்சி ஜெயித்தது. ‘பைபிள்’ ஓரங்கட்டப்பட்டது. கேம் வெளிவருவதற்கு முன்பே டாம் ஹாலும் குழுவை விட்டுப் போய்விட்டார். செவ்வாய் கிரகத்தின் நிலா, நரகத்திலிருந்து கிளம்பி வரும் பேய்கள், கையில் ஒரு ஷாட்கன். அவ்வளவுதான் டூம்! உலகமே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. யாரும் கதை எங்கே என்று கேட்கவில்லை. நானும் கேட்க மாட்டேன், டூம் அப்படியேதான் அழகு.

ஆனால் கார்மாக் நினைத்த ‘கதை’ சினிமாக் கதை. அது இந்த வகை கேமுக்கு ஒத்துவராதுதான். ஏன்னு கொஞ்சம் யோசிங்க. சினிமாவில் டைரக்டர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் நீங்கள் பார்க்க முடியும். அழுகிற முகத்துக்கு க்ளோஸ்-அப் வைத்தால் தப்பிக்க வழியே இல்லை. ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டரில் கேமரா உங்கள் கையில்! ஒருத்தர் உருகி உருகி வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேஜை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பீர்கள். (பொய் சொல்லாதீங்க, எல்லாரும் செய்றதுதான்.) கட் பண்ண முடியாது, ரியாக்‌ஷன் ஷாட் கிடையாது. ஹீரோவின் முகமே உங்களுக்குத் தெரியாது. ரெண்டு கை, ஒரு துப்பாக்கி, எதிரே ஒரு வழி... இவ்வளவுதான் கையிருப்பு. அப்புறம் கதையை எங்கே வைப்பது?

வழியில்தான் வைக்க வேண்டும். சுவரில், தரையில், ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து ரூமிலிருந்து வரும் சத்தத்தில்.

இதைப் பிரமாதமாகச் செய்து காட்டியது 1998 நவம்பரில் வந்த ‘ஹாஃப் லைஃப்’. மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ரெண்டு பேரும் 1996-ல் ஆரம்பித்த ‘வால்வ்’ கம்பெனியின் முதல் கேம். 1997-லேயே வந்திருக்க வேண்டியது. கிட்டத்தட்ட முடித்து, உட்கார்ந்து விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். சுவாரஸ்யமே இல்லை! பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு வருஷம் எடுத்துக்கொண்டு திரும்பச் செய்தார்கள். புதுக் கம்பெனி, முதல் புராடக்ட், அதைத் தூக்கிப் போடுவதற்கு ஒரு தில் வேணும்.

ஆரம்பமே எப்படித் தெரியுமா? நீங்கள் கார்டன் ஃப்ரீமேன். வயசு 27, எம்.ஐ.டி-யில் இயற்பியலில் டாக்டர் பட்டம். நியூ மெக்ஸிகோ பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் ‘பிளாக் மெஸா’ ஆராய்ச்சிக்கூடத்துக்கு ட்ராமில் வேலைக்குப் போகிறீர்கள். சுட ஒன்றும் இல்லை. துப்பாக்கியே இல்லை. காலை 8:47 என்று ஒரு பெண் குரல் மணி சொல்கிறது. வெளியே வெப்பம் எவ்வளவு, உள்ளே எவ்வளவு, நம்ம நிறுவனத்தில் காலியிடம் இருக்கிறது, நண்பர்களிடம் சொல்லுங்கள் என்று அறிவிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு செக்யூரிட்டி பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். ராட்சத ரோபோ ஒன்று சுமை தூக்கிப் போகிறது. ஒரு இடத்தில் பச்சையாக என்னமோ கசிகிறது. இப்படியே கிட்டத்தட்ட 5 நிமிஷம்! சுடுற கேம் வாங்கி வந்தவனை 5 நிமிஷம் பஸ் பயணி மாதிரி நிற்க வைத்தார்கள் என்றால் பாருங்கள்.

இறங்கினால் ‘லேட்டா வர்றீங்களே’ என்கிற மாதிரி ஒரு வரவேற்பு. லாக்கரில் உங்கள் பெயர். கேன்டீன் ரூமில் மைக்ரோவேவ் அடுப்பு. பட்டனை மூணு நாலு தடவை அமுக்கினால் யாரோ ஒரு பெரியவரின் சாப்பாடு வெடித்துச் சிதறும். (அந்தச் சாப்பாட்டுக்கு 2007-ல் வந்த ‘எபிசோட் டூ’வில் கணக்கு கேட்பார்கள்! 9 வருஷம் கழித்து!) அப்புறம் சோதனை அறை. ஒரு வண்டியில் கனிமக் கட்டி இருக்கிறது. அதைக் கதிருக்குள் தள்ள வேண்டும். யார் தள்ளுவது? நீங்கள்தான். உங்கள் விரல்தான் அந்த கீயை அழுத்துகிறது. அடுத்த செகண்டில் உலகமே பிளந்துகொண்டு வேறு ஒரு உலகத்தின் ஜந்துகள் உள்ளே கொட்டுகின்றன.

அதற்கப்புறம் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வந்த வழியாகவே திரும்ப நடக்க வேண்டும். அதே காரிடார், அதே கதவு, உங்களை வாழ்த்தி அனுப்பின அதே கண்ட்ரோல் ரூம். காலையில் உங்களிடம் பேசியவர்களில் சிலர் தரையில் கிடக்கிறார்கள். பின்னணியில் சோக வயலின் இல்லை, ‘ஐயோ’ என்று ஹீரோ கத்துவதும் இல்லை. ஃப்ரீமேன் கேம் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் அது அவருடைய வருத்தம் ஆகிவிடும். பேசாததால் அது உங்களுடையது. கதை எழுதிய மார்க் லெய்ட்லா, கேமுக்கு வருவதற்கு முன்பே நாவலாசிரியர். நாவல் எழுதத் தெரிந்த மனுஷன் ஹீரோவுக்கு வசனமே எழுதாமல் விட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிற இன்ஜினீயரிங் மக்களுக்கு: லெவலைக் கட்டும்போது அங்கங்கே கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளை வைத்துவிடுவார்கள். ‘ட்ரிகர்’ என்று பெயர். நீங்கள் அதைத் தொட்டதும் அந்த இடத்துக்கு எழுதிவைத்த சம்பவம் ஓட ஆரம்பிக்கும். லிஃப்ட் அறுந்து விழும், விஞ்ஞானி கதவைத் திறந்துகொண்டு ஓடிவருவார். கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. மெதுவாக நடக்கிறவனுக்கு மெதுவாகவும் ஓடுகிறவனுக்கு வேகமாகவும் கதை நடக்கும். ரெண்டு பேருமே ‘நல்ல வேளை, நான் வந்த நேரத்துல நடந்துச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, நீங்கள் செய்கிற எதையும் அந்த உலகம் கண்டுகொள்ள வேண்டும் என்பதில் வால்வ் ஆட்கள் பிடிவாதமாக இருந்தார்கள். சுவரில் சுட்டால் சுவரில் ஓட்டை விழ வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் சுவரே உங்களை மதிக்கவில்லை என்றால் கதை எப்படி மதிக்கும்?

மாட்டிக்கொண்ட விஞ்ஞானிகள் எல்லாம் ‘ராணுவம் வருது, காப்பாத்திடுவாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ராணுவமும் வரும். ஒருத்தர் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு அவர்களை நோக்கி ஓடுவார். அவர்கள் சுட்டுத் தள்ளுவார்கள். ஒரு விளக்கமும் கிடையாது. சாட்சிகளையும் சேர்த்து அழிக்க உத்தரவு என்பதை நீங்களே கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சரி, இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம்.

அந்த கேமில் முதுகு வளைந்து, ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு, கையிலிருந்து பச்சை மின்னல் விடுகிற ஒரு வேற்றுலக ஆசாமி வருவான். கேம் முழுக்க அவர்களை நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளியிருப்பீர்கள். அவர்கள் கழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைப் பட்டை. மணிக்கட்டிலும் விலங்கு. அவர்கள் அடிமைகள்! படையெடுத்து வந்தவர்கள் இல்லை, பிடித்துத் தள்ளப்பட்டவர்கள். ‘இன்டர்லோப்பர்’ என்று கடைசிக்கு முந்தின அத்தியாயம் ஒன்று. அங்கே ஒரு தொழிற்சாலை. அதே ஆசாமிகள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சுடாத வரைக்கும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. ஏன்? உள்ளே நுழைந்ததுமே சுட்டுவிட்டோம்.

2004 நவம்பர். ‘ஹாஃப் லைஃப் 2’. மறுபடியும் ரயில்தான். இந்தத் தடவை ‘சிட்டி 17’ ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள். பூமி தோற்று வருஷக்கணக்காகிவிட்டது. அதை யாரும் உங்களிடம் சொல்வதில்லை. பறக்கிற கேமரா ஒன்று முகத்துக்கு நேரே வந்து ஃப்ளாஷ் அடித்துப் படம் பிடிக்கிறது. பெரிய திரையில் ஒரு கோட்டு சூட்டு பெரியவர் வரவேற்றுப் பேசிக்கொண்டே இருக்கிறார். எல்லோருக்கும் ஒரே நீல உடை. தண்ணீரைக் குடிக்காதே, மறதி வர எதையோ கலக்கிறார்கள் என்று ஒருவர் முணுமுணுக்கிறார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், அந்த ரயிலில் வேறு யாரும் வரவில்லையா என்று கேட்கிறாள். வேலிக்குப் பின்னால், ஒரு மூலையில், கழுத்துப்பட்டை போட்ட ஒரு ஆசாமி துடைப்பத்தால் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறான். முதுகு வளைந்து, ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு!

முதலாளி மாறியிருக்கிறான், பட்டை மாறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் சுட்டுத் தள்ளிய ஆளின் சொந்தக்காரன் உங்கள் எதிரில் பெருக்கிக்கொண்டிருக்கிறான், உங்கள் கையில் இப்போது துப்பாக்கி இல்லை. வசனம் இல்லை, அம்புக்குறி இல்லை. ஓடிப் போனால் ரெண்டு செகண்டில் கடந்துவிடுவீர்கள். நின்று பார்த்தால் வயிற்றை என்னமோ செய்யும். கேம் கதை சொல்வதில் இதைவிடச் சிறந்த ஒரு இடம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், தேடிப்பிடித்து விளையாடுகிறேன்.

ஸ்டேஷனை விட்டு வெளியே போகும் வழியில் ஒரு போலீஸ்காரன். வேண்டுமென்றே ஒரு காலி டின்னைத் தட்டிக் கீழே விடுகிறான். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். போட்டால் சிரித்துக்கொண்டே வழிவிடுவான். அந்த டின்னை அவன் மூஞ்சியிலேயே விட்டெறியவும் செய்யலாம். அடி விழும், ஆனால் மனசு குளிரும். பொருட்களை எப்படிக் கையில் எடுப்பது, எப்படி எறிவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. மற்ற கேமாக இருந்தால் ‘பொருளை எடுக்க இந்த கீயை அழுத்தவும்’ என்று எழுதிப் போட்டிருப்பார்கள். இங்கே அந்தப் பாடத்தையே ஒரு அவமானமாக மாற்றி, அந்த ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று 20 செகண்டில் காட்டிவிட்டார்கள்.

அந்த ஊரை வடிவமைத்தவர் விக்டர் ஆன்டனோவ். பல்கேரியாவின் சோஃபியாவில் பிறந்தவர், 2025 பிப்ரவரியில் காலமானார். கிழக்கு ஐரோப்பாவின் பழைய அடுக்குமாடி வீடுகள், காரை பெயர்ந்த முற்றங்கள், அதற்கு நடுவே வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் வேற்றுலக இரும்புக் கோபுரம். குடியிருப்புக்கு நடுவில் ஒரு விளையாட்டுத் திடலும் இருக்கிறது. ஊஞ்சல் இருக்கிறது, குழந்தைதான் ஒன்றுகூட இல்லை. ஏன் என்பதற்கான பதில் அந்தக் கோட்டு சூட்டுக்காரரின் பேச்சில் எங்கேயோ வருகிறது: மனித இனம் குழந்தை பெறுவதையே தடுத்துவைத்திருக்கிறார்கள். பேச்சைக் காதில் வாங்கியவருக்கு அந்த ஊஞ்சல் வேறு மாதிரி தெரியும். வாங்காதவருக்கு அது வெறும் ஊஞ்சல்.

ப்ளஸ் டூ-வில் ‘முதல், கரு, உரி’ என்று மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனசுக்குள் நடப்பது உரிப்பொருள். பாலை நிலத்தைக் காட்டிவிட்டால் போதும், பிரிவு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. அஞ்சு மார்க் கேள்வியாக மட்டும் நாம் பார்த்த அந்தச் சூத்திரத்தை, அதைக் கேள்விப்பட்டே இருக்காத லெவல் டிசைனர்கள் தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் மிஸ்ஸிடம் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்கள்.

இந்த இடத்தில் ‘பயோஷாக்’ ரசிகர்கள் என் மேல் பாயத் தயாராக இருப்பீர்கள். வர்றேன், வர்றேன்! 2007 ஆகஸ்ட், கென் லெவின் குழுவின் கேம். கடலுக்கு அடியில் ‘ராப்ச்சர்’ என்று ஒரு நகரம். அரசாங்கம் வேண்டாம், சாமி வேண்டாம், அவனவன் உழைப்பு அவனவனுக்கே என்று ஒரு பணக்காரர் கட்டிய சொர்க்கம், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வெடித்த கலவரத்தில் நாறிப்போய்க் கிடக்கிறது. உங்களைத் தாக்க வருகிறவர்கள் பலர் இன்னமும் அந்தப் பார்ட்டி முகமூடியைப் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி: சுவரில் நிழல் தெரிகிறது. ஒரு பெண் குழந்தை வண்டி மேல் குனிந்து தாலாட்டுப் பாடுகிறாள். கிட்டே போய் வண்டிக்குள் பார்த்தால், ஒரு ரிவால்வர். உங்கள் முதல் துப்பாக்கியே அதுதான். பிரமாதம், சந்தேகமே இல்லை. இடையில் வருகிற பெரிய திருப்பத்தை உடைக்க மாட்டேன். ஆனால் ரெண்டாவது தடவை விளையாடும்போது, வயர்லெஸ்ஸில் வருகிற குரல் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

எனக்கு பயோஷாக் மேல் இருக்கிற வருத்தம் வேறு. அதில் சின்னப் பெண் குழந்தைகள் வருவார்கள், உடம்பில் ‘ஆடம்’ என்ற சக்தியோடு. குழந்தையைக் கொன்று எடுத்தால் 160 ஆடம். காப்பாற்றி விட்டால் 80. ஆஹா, கையையும் மனசையும் மோதவிடுகிறார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால்... மூணு குழந்தையைக் காப்பாற்றினால் பரிசாக ஒரு கரடி பொம்மையோடு 200 ஆடம் வந்துவிடும்! கணக்குப் போடுங்க. மூணைக் கொன்றால் 480. மூணைக் காப்பாற்றினால் 240-ம் 200-ம் 440. அதுபோக வேறு சில பரிசுகளும் உண்டு. அப்புறம் எங்கே தியாகம்? நல்லவனாக இருந்தால் நஷ்டம் என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக நஷ்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் டிசைனரும் வேறொரு கோணத்தில் இதைப் பிடித்தார். விளையாட்டின் விதி சுயநலமாக இரு என்கிறது, கதையோ இன்னொருத்தனுக்கு உதவியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது, ரெண்டும் ஒட்டவில்லை என்று எழுதினார். கை செய்வது ஒன்று, கதை சொல்வது ஒன்று என்கிற இந்தக் குறைக்கு அவர் வைத்த பெயர் கேம் உலகத்தில் அப்படியே நிலைத்துவிட்டது.

இதே 2007 நவம்பரில்தான் ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’. ப்ரவுசிங் சென்டர்களில் பலர் விளையாடியது மல்டிபிளேயர் மட்டும்தான். தனியாக விளையாடிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்தில், பெயர்கள் ஓடும்போதே, நீங்கள் ஒரு நாட்டின் ஜனாதிபதி. புரட்சி நடந்துவிட்டது. காரில் தள்ளி ஏற்றுகிறார்கள். தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், அவ்வளவுதான். தெருவில் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுடுகிறார்கள், நாய் துரத்துகிறது. கடைசியில் உங்களைக் கம்பத்தில் கட்டிச் சுடுகிறார்கள். பிளாக் மெஸா ட்ராம் பயணத்துக்குப் பிறந்த பயங்கரமான பேரன் அது!

அதே கேமில் கொஞ்சம் தள்ளி ஒரு லெவல். இப்போது நீங்கள் ஏசி-130 விமானத்தில், மேலே, ரொம்ப மேலே. கறுப்பு வெள்ளைத் திரை. கீழே மனிதர்கள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பட்டனைத் தட்டினால் சத்தம் வருவதற்கு முன்பே புள்ளிகள் சிதறுகின்றன. அலறல் கேட்பதில்லை. கூட இருக்கும் வீரர்கள் ஆபீஸில் ஃபைல் பார்க்கிற குரலில் பேசிக்கொள்கிறார்கள். மொத்த கேமிலேயே சுலபமான லெவல் அது. செம ஜாலியாகவும் இருக்கும், அதுதான் பிரச்னை.

2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் ஒரு வீடியோவை வெளியிட்டது. 2007 ஜூலை 12, பாக்தாத். அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரின் துப்பாக்கிக் கேமராவில் பதிவானது. கறுப்பு வெள்ளைத் திரை. அதே நிதானமான குரல்கள். செத்தவர்களில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஊழியர்கள் ரெண்டு பேர். காயம்பட்டவர்களைத் தூக்க வந்த வேனையும் சுட்டார்கள், அதற்குள் ரெண்டு குழந்தைகள் இருந்தார்கள். கேமை முன்பே விளையாடியிருந்த பலருக்கு அந்த வீடியோ ‘ஏற்கெனவே பார்த்த மாதிரி’ இருந்தது. கேம் செய்தவர்கள் இந்த வீடியோவைப் பார்த்துச் செய்யவில்லை, கேம் வெளிவந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் வீடியோ வெளியே வந்தது. அந்த லெவல் இந்த மாதிரிக் கொலையைக் கண்டிக்கிறதா, ரசிக்க வைக்கிறதா? என்னைக் கேட்டால் ரெண்டும்தான். ஆனால் கொஞ்சம் பொறுத்தால் அதே கேம் இன்னொன்று செய்கிறது. அணுகுண்டு வெடித்த பிறகு, விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து நீங்கள் தவழ்ந்து வெளியே வருகிறீர்கள். துப்பாக்கி இல்லை. கீயை அழுத்தினால் தடுமாறி ரெண்டு அடி. சுற்றிலும் ஆரஞ்சு நிறப் புழுதி, தூரத்தில் காளான் மேகம். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நடந்து நடந்து, விழுந்து, சாக வேண்டியதுதான். வானத்திலிருந்து புள்ளியாகப் பார்த்தவனைப் புள்ளியாகவே மாற்றிவிடுகிறார்கள்.

ஹெட்ஃபோன் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2007 மார்ச்சில் வந்த ‘ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்’. உக்ரைன் தலைநகர் கீவில் இருந்த ‘ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட்’ செய்தது. 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் அணு உலை வெடித்து, மறுநாளே ப்ரிப்யாட் நகரத்தைக் காலி செய்தார்களே, அந்த ஊர்தான் களம். எங்கோ கற்பனைக் கிரகம் இல்லை, அவர்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரக்கூடிய தூரம். போனார்கள், எடுத்தார்கள், அதே கட்டடங்களை கேமுக்குள் கட்டினார்கள். மே தினத்துக்குத் திறப்பதாக இருந்து கடைசிவரை திறக்காமலே போன ராட்டினம் உட்பட.

ஹாஃப் லைஃப் மாதிரி இதில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்கவில்லை. ஆட்களும் நாய்களும் உங்களைக் கேட்காமலே அலைவார்கள், சண்டை போடுவார்கள், சாவார்கள். காற்றில் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் இருக்கும். பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து முன்னால் வீசி, அது பத்திரமாக விழுந்தால்தான் கால் வைக்க வேண்டும். கதிர்வீச்சு கருவி காதுக்குள் ‘டிக்... டிக்... டிக்டிக்’ என்று வேகம் பிடிக்கும். ராத்திரி ஆனால் நிஜமாகவே இருட்டு. அந்த இருட்டில் தூரத்தில் ஒரு தீ தெரியும். கிட்டே போனால் நாலைந்து பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தன் கிடார் வாசிப்பான். இன்னொருத்தன் ஏதோ ஜோக் சொல்வான். மொழி புரியாது, மற்றவர்கள் சிரிப்பது புரியும். அதனால் உங்களுக்கு ஒரு பாயின்ட்டும் கிடைக்காது, மிஷனும் கிடையாது. இருந்தாலும் துப்பாக்கியை இறக்கிவிட்டு நின்றுவிடுவீர்கள். மறுநாள் காலையில் ரோட்டோரம் ஒருத்தன் அடிபட்டு முனகிக்கொண்டு கிடப்பான். மருந்துப்பெட்டி கொடுத்தால் எழுந்து போவான். கொடுக்கவில்லை என்றாலும் உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. பக்கத்தில் போய் அவன் நேற்று கிடார் வாசித்தவனா என்று பார்ப்பீர்கள் பாருங்கள், அங்கேதான் அந்த கேம் உங்களைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குழுவுக்கு அப்புறம் நடந்தது எந்த லெவல் டிசைனரும் எழுதத் துணியாதது. ‘ஸ்டாக்கர் 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது, 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. முதல் நாளே செர்னோபில் அணு உலை வளாகத்தைப் பிடித்தார்கள். மார்ச் கடைசி வரை அவர்கள் கையில்தான் இருந்தது. குழுவில் ஒரு பகுதி செக் நாட்டின் பிராக் நகருக்கு மாறியது. சிலர் கீவிலேயே இருந்து வேலை செய்தார்கள், சிலர் போர்முனைக்குப் போனார்கள். அவர்களோடு முன்பு வேலை பார்த்த ஒரு டிசைனர் 2022 டிசம்பரில் பாக்முத் அருகே சண்டையில் இறந்தார். கேம் 2024 நவம்பர் 20-ல் வெளிவந்தது. பக் நிறைய இருந்தது, திட்டியவர்களும் நிறைய. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கிடார் வாசிக்கிறவர்கள் அதிலும் இருந்தார்கள்.

புது கேமுக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், அது எல்லார் வீட்டிலும் இருக்காது, தெரியும். 1998 ஹாஃப் லைஃப் எந்த ஓட்டை சிஸ்டத்திலும் ஓடும். கொஞ்சம் பரவாயில்லாத சிஸ்டம் இருந்தால், ரசிகர்களே வருஷக்கணக்கில் உட்கார்ந்து புதிதாகக் கட்டி 2020-ல் முடித்த ‘பிளாக் மெஸா’வைப் பாருங்கள். இந்த சனிக்கிழமை ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ட்ராமில் ஏறுங்கள். கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற அந்த செக்யூரிட்டி கண்ணில் படுகிறாரா என்று பாருங்கள். ‘இன்டர்லோப்பர்’ தொழிற்சாலைக்குள் சுடாமலே எவ்வளவு தூரம் போக முடிந்தது என்று நம்ம பக்கத்துக்கு எழுதுங்கள்.

அடுத்த வாரம் ஒரு சேஞ்சுக்கு ஃபுட்பால் கேம். கோல் கீப்பர் பாவம் ஏன் எப்பவும் தப்பான பக்கமே பாய்கிறார்? பேசுவோம்!